ஒரு பைத்தான் கருவி, ஒன்பது கணினிகள்: டெபியனுக்கு எந்த வழியில் பொதி கட்டுவது?

திருவல்லிக்கேணிப் பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்குப் பழக்கமான அச்சகம் ஒன்று இருக்கிறது. ஒன்பது கணினிகள், ஒன்பதிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். அங்கே வரும் வேலையில் பாதி பழைய புத்தகங்களின் மறுபதிப்பு. எழுத்தாளரோ, பெரும்பாலும் அவருடைய மகனோ மகளோ, இருபது வருடத்துக்கு முந்தைய குறுந்தகடு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். உள்ளே இருக்கும் கோப்பைத் திறந்தால் தமிழ் தெரியாது. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசை கட்டி நிற்கும். திஸ்கி, டாம், டாப் என்று, தமிழ் எழுத்துகளைக் கணினியில் பதியும் ஏதோ ஒரு பழைய முறை, அதாவது குறியேற்றம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாமும் டாபும் தரமாக்கப்பட்டன. தமிழக அரசு யூனிகோடை முறையாக ஏற்றது 2010இல். இடைப்பட்ட காலத்தில் தட்டச்சு செய்யப்பட்டதில் பெரும்பகுதி இப்படித்தான் அடைபட்டுக் கிடக்கிறது.

இதை யூனிகோடுக்கு மாற்றப் பைத்தானில் ஒரு கருவி எழுதினேன். சுமார் அறுநூறு வரி. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது என்பதுதான் இதில் சுவையான பகுதி. திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகியிருக்கும்: முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து ககரம், கடைசியில் கால். யூனிகோடிலோ ககரம் முதலில் வர வேண்டும், ஒகரக் குறி ஒரே துண்டாகப் பின்னால் வர வேண்டும். கொம்பைப் பிடித்து, அடுத்த மெய்யைத் தாண்டவைத்து, பின்னால் கால் வருகிறதா என்று பார்த்து ஒட்ட வேண்டும். இரண்டு வார இறுதிகளில் முடிந்தது. வேர்டு கோப்புகளைப் படிக்கப் பைத்தான்-டாக்ஸ், ஓப்பன் டாக்குமெண்ட் கோப்புகளுக்கு ஓடிஎஃப்பை, பைத்தான்-டாக்ஸுக்கு அடியில் எல்எக்ஸ்எம்எல், கட்டளை வரிக்குக் கிளிக். கருவிக்குத் தேவைப்படும் நிரலகங்கள், அதாவது மற்றவர்கள் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள், இவ்வளவுதான். இவற்றைச் சார்புகள் என்பார்கள்.

அதை ஒன்பது கணினிகளில் கொண்டுபோய் வைக்கத்தான் இரண்டு வருடம் ஆயிற்று. நிறுவுவதற்கு ஆயத்தமாக ஒரு பொதியாகக் கட்டிக் கொடுப்பது உட்பட வழிகள் பல, ஏறக்குறைய எல்லாவற்றிலும் விழுந்து எழுந்திருக்கிறேன். என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை பழைய மகாபலிபுரம் சாலையில். அச்சகத்துக்குப் போவது சனிக்கிழமைகளில் மட்டும். ஆகவே, நான் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, என்னைக் கேட்காமல் யாரோ கணினியைப் புதுப்பித்த மறுநாள், கருவி ஓட வேண்டும். எந்த வழி இதைத் தாங்குகிறதோ அதுதான் எனக்கு நல்ல வழி. உங்கள் அளவுகோல் வேறாக இருந்தால் முடிவும் மாறலாம்.

சூடோ போட்டுப் பிப்

பைத்தானின் சொந்த நிறுவி பிப். அதை, நிர்வாகி (ரூட்) உரிமை தரும் சூடோவோடு ஓட்டுவது முதல் வழி. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் இந்தக் கட்டளையைக் கொடுத்தால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி நிறுவ மறுத்துவிடும். பைத்தான் சமூகமே பெப் 668 என்ற ஆவணத்தில் வகுத்த ஏற்பாடு அது. பலர் இதைத் தொல்லை என்று திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். பிப் ரூட்டாக நிறுவும் நிரலகங்கள், டெபியனின் நிறுவியான ஆப்ட் நிறுவியவற்றுக்கு முன்னால் தேடப்படும் கோப்புறையில் போய் உட்காருகின்றன. நாம் ஏதோ ஒரு கருவிக்காகக் கொண்டுவந்த புதிய நிரலகத்தை, யூஎஃப்டபிள்யூ தீச்சுவர் மாதிரி பைத்தானில் எழுதப்பட்ட இயங்குதளக் கருவிகளும் எடுத்துக்கொள்ளும். அவை சோதிக்கப்பட்டது வேறு பதிப்போடு. தடையை மீற ஒரு தெரிவு இருக்கிறது. அதன் பெயரே ‘கணினியின் பொதிகளை உடை’ என்பதுதான். இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்த இன்னொரு தெரிவை நான் பார்த்ததில்லை.

புயலுக்குப் பிறகு

அடுத்தது மெய்நிகர் சூழல். 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் மொழியோடு சேர்ந்தே வரும் வசதி. ஒரு கோப்புறைக்குள் தனி பைத்தான், தனி நிரலகங்கள். இயங்குதளத்தோடு மோதல் இல்லை. பிப்எக்ஸ் என்ற கருவி இதையே ஒவ்வொரு நிரலுக்கும் தானாக அமைத்துத் தருகிறது. டெபியனிலேயே பொதியாகக் கிடைக்கிறது. நிரலாளர் ஒருவர் தன் சொந்தக் கணினியில் ஒரு கருவியை முயன்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒன்பது கணினிகளிலும் ஒரு சூழல் அமைத்து, மெனுவில் ஒரு சின்னம் வைத்துவிட்டு வந்தேன். ஒன்றரை வருடம் ஒரு சத்தமும் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் தண்ணீர் வடிந்து, மின்சாரம் திரும்பி, ஆனால் ஆட்கள் இன்னும் வேலைக்கு வராத ஒரு நாளில், கணினிகள் சும்மாதானே இருக்கின்றன என்று, முதலாளியின் மேசையில் இருப்பதைத் தவிர எல்லாவற்றையும் டெபியன் 11இலிருந்து 12க்கு ஏற்றினேன். ஏற்றம் அருமையாக முடிந்தது. அச்சிடும் கருவி, எழுத்துருக்கள், பக்க வடிவமைப்பு நிரல் எல்லாம் ஓடின. மறுநாள் பத்து மணிக்குப் பக்கம் கட்டும் அக்காவிடமிருந்து தொலைபேசி.

“தம்பி, நேற்று வரை ஓடியது, இன்று சின்னத்தை அழுத்தினால் ஒன்றுமே வரவில்லையே?”

முனையத்தைத் திறந்து ஓட்டச் சொன்னேன். கிளிக் என்ற பெயரில் எந்த மாட்யூலும் இல்லை என்று வந்தது. இல்லாமல் எங்கே போகும்? மாலையில் போய்ப் பார்த்தால் கோப்பு அதே இடத்தில் பத்திரமாக இருந்தது. சூழலுக்குள் நிரலகங்கள் உட்கார்ந்திருந்த கோப்புறையின் பெயர் பைத்தான் 3.9. ஆனால் சூழலுக்குள் ‘தனி பைத்தான்’ என்று நான் நம்பியிருந்தது, இயங்குதளத்தின் பைத்தானைச் சுட்டும் ஓர் இணைப்பு மட்டும்தான். ஏற்றத்துக்குப் பிறகு அந்த இணைப்பின் மறுமுனையில் 3.11 நின்றுகொண்டிருந்தது. அது 3.11 என்ற கோப்புறையில் போய்த் தேடியது. அப்படி ஒன்று அங்கே இல்லை. வீட்டு எண்ணை மாற்றிவிட்டுத் தபால்காரரைக் குறை சொன்ன கதைதான்.

எட்டுச் சூழல்களையும் அழித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. தெருவில் இணையம் அன்று மறுபடி போயிருந்தது. என் கைபேசி இணைப்பில், ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு முறையும் எல்எக்ஸ்எம்எல்லை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜனவரியில் புத்தகக் காட்சி. அச்சக முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தேநீர் வாங்கித் தரவும் இல்லை.

பிப்எக்ஸ் வைத்திருந்தால் எல்லாவற்றையும் மறுபடி நிறுவ ஒரே கட்டளை போதும் என்று ஒருவர் சொல்லலாம். உண்மை. ஆனால் அந்த ஒரு கட்டளையைக் கொடுக்க யாராவது அங்கே இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை யார் இருக்கிறார்கள்?

சத்தமில்லாத இன்னொரு சிக்கலும் உண்டு, இது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. எல்எக்ஸ்எம்எல்லின் இதயம் லிப்எக்ஸ்எம்எல்2 என்ற சி நிரலகம். பைத்தான் நிரலகங்களின் பொது இணையக் கிடங்கான பைப்பையில் இருந்து பிப் இறக்கும் ஆயத்தப் பொதிக்குள் அந்த நிரலகத்தின் ஒரு நகல் உள்ளேயே வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. லிப்எக்ஸ்எம்எல்2இல் பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரியவந்தால், டெபியன் தன் பொதியைச் சரிசெய்யும். அன்றிரவே ஒன்பது கணினிகளிலும் அது தானாக ஏறிவிடும். மெய்நிகர் சூழலுக்குள் இருக்கும் நகலுக்கு அந்தச் செய்தியே போகாது. யார் யாரோ கொண்டுவரும் குறுந்தகட்டிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்புகளைத் திறக்கும் அச்சகத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு நடுவழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. சூழலை அமைக்கும்போதே இயங்குதளத்தின் நிரலகங்களையும் பார்க்கலாம் என்று அனுமதி கொடுக்கலாம். எல்எக்ஸ்எம்எல்லை ஆப்ட் வழியே நிறுவி, சூழலுக்குள் நம் கருவியை மட்டும் வைத்தால் பாதுகாப்புச் சிக்கல் தீர்கிறது. பைத்தான் பதிப்பு மாறும்போது உடைவது மட்டும் அப்படியே நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையில்

புயல் அனுபவத்துக்குப் பிறகு எதிர்த் திசையில் ஓடினேன். இயங்குதளத்தை நம்பினால்தானே வம்பு, பைத்தானையும் சேர்த்தே மூட்டை கட்டிவிடுவோம் என்று பைஇன்ஸ்டாலரை எடுத்தேன். ஒரே கோப்பு, நகலெடுத்து வைத்தால் ஓடும். என் மடிக்கணினியில் டெபியன் 12. அதில் கட்டிய கோப்பைக் கொண்டுபோய், டெபியன் 11இலேயே இருந்த வேறொரு 64 பிட் கணினியில் வைத்தேன். ஜிலிப்சி என்ற அடிப்படை சி நிரலகம் போதிய அளவு புதிதாக இல்லை என்று ஓட மறுத்தது. 12இல் இருப்பது ஜிலிப்சி 2.36, 11இல் 2.31. மூட்டைக்குள் பைத்தான் போகிறது, அதற்கும் அடியில் இருக்கும் சி நிரலகம் போவதில்லை. நீங்கள் ஆதரிக்க வேண்டிய அமைப்புகளில் மிகப் பழையது எதுவோ அதில்தான் கட்ட வேண்டும். ஆவணத்தில் எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

ஆப்இமேஜும் இதே குடும்பம்தான். அப்படிக் கட்டியவை பலவற்றுக்குக் கூடுதலாக, ஃபியூஸ் என்ற கோப்பமைப்பு வசதியின் பழைய நிரலகம் ஒன்று தேவைப்படும், உபுண்டு லினக்ஸ் 22.04 முதல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை.

பிளாட்பேக்கும் ஒரு மூட்டை வகைதான், நன்றாகச் சிந்தித்துச் செய்யப்பட்டது. மேசைக் கணினியில் ஓடும் பெரிய வரைகலை நிரல்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அறுநூறு வரி நிரலை ஓட்ட நூற்றுக்கணக்கான எம்பி அடித்தளத்தை இறக்குவது, குண்டூசி வாங்க லாரி அனுப்புவது போல. மேலும் அது நிரலைக் கூண்டுக்குள் வைத்து ஓட்டுகிறது. அச்சகத்தின் கோப்புகளோ எல்லோரும் பகிரும் வலையமைப்பு வட்டில் இருக்கின்றன. கூண்டில் எங்கெங்கே சன்னல் வெட்டுவது என்று யோசித்தபோதே இது எனக்கான வழியில்லை என்று தெரிந்துவிட்டது. கட்டிப் பார்க்காமலே விட்ட வழி இது ஒன்றுதான்.

மூட்டை கட்டும் எல்லா வழிகளுக்கும் பொதுவான விலை ஒன்று உண்டு. உள்ளே போன ஒவ்வொரு நிரலகத்துக்கும் இனி நான்தான் காவல்காரன். முன்பு சொன்ன லிப்எக்ஸ்எம்எல்2 ஓட்டை வந்தால், நான் செய்தியைப் பார்த்து, மறுபடி கட்டி, ஒன்பது கணினிகளில் மாற்ற வேண்டும். பெரிய நிறுவனத்தில் அதற்கென்று ஆள் இருப்பார். எனக்குச் சனிக்கிழமை மட்டும் இருக்கிறது.

டெப் கோப்பு

கடைசியில் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். என் கருவிக்குத் தேவையான நான்கு நிரலகங்களும் டெபியனில் ஏற்கெனவே பொதிகளாக இருக்கின்றனவா என்று தேடினேன். நான்கும் இருந்தன. ஒரே கட்டளையில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயத்தை ஒன்றரை வருடம் தேடாமல் இருந்திருக்கிறேன்.

டெபியன் பொதி, அதாவது டெப் கோப்பு, கட்டுவது என்றாலே பலருக்கு ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயம் பழைய காலத்தது. இன்று டெபியன் என்ற கோப்புறைக்குள் நான்கைந்து சிறு கோப்புகள் போதும்: பொதியின் பெயரும் சார்புகளும் சொல்லும் கட்டுப்பாட்டுக் கோப்பு, மாற்றப் பதிவு, உரிமக் கோப்பு, விதிகள் கோப்பு. விதிகள் கோப்பில் மூன்றே வரி. முதல் வரி, இது மேக் என்ற கட்டும் கருவிக்கான கோப்பு, அதாவது மேக்ஃபைல், என்கிறது. இரண்டாவது, எந்தப் பணி கேட்டாலும் இதையே செய் என்கிறது. மூன்றாவது வரி பைபில்ட் என்ற கருவியிடம் வேலையை ஒப்படைக்கிறது. மூன்றாவது வரியின் தொடக்கத்தில் ஒரு டேப் இருக்க வேண்டும். நான் நான்கு இடைவெளி வைத்து ஒரு மாலையைத் தொலைத்தேன். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மேக்குக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

பைப்பையில் இருக்கும் சார்புப் பெயர்களை டெபியன் பொதிப் பெயர்களாக மாற்றுவதைக்கூட டிஎச்-பைத்தான் என்ற துணைக் கருவி தானே செய்துகொள்கிறது. எல்எக்ஸ்எம்எல் என்றால் பைத்தான்3-எல்எக்ஸ்எம்எல். பைத்தான்-டாக்ஸ் என்றால் பைத்தான்3-டாக்ஸ்.

மூச்சு வாங்கியது அடுத்த கட்டத்தில். பொதியைச் சொந்தக் கணினியில் கட்டினால் எல்லாம் சரியாகத்தான் போகும், ஏனென்றால் அங்கே இருக்க வேண்டியதும் இருக்கக் கூடாததும் எல்லாமே இருக்கின்றன. எஸ்பில்ட் என்ற கருவி, எதுவுமே நிறுவாத ஒரு வெற்று டெபியனை உருவாக்கி அதற்குள் கட்டுகிறது. அதில் என் கருவி இரண்டு இடத்தில் விழுந்தது. ஒன்று, சோதனைகளில் ஒன்றுக்கான மாதிரிக் கோப்பை நான் இணையத்திலிருந்து இறக்கும்படி எழுதியிருந்தேன். பொதி கட்டும்போது வலையமைப்பைத் தொடக் கூடாது என்பது டெபியனின் விதி. மாதிரியை மூலநிரலோடு சேர்த்து வைத்தேன். இரண்டாவது இன்னும் வெட்கக்கேடானது. எப்போதோ விளையாட்டாகப் பிப் போட்டு என் வீட்டுக் கோப்புறையில் நிறுவிய ஒரு நிரலகத்தை, சார்பு என்று எங்கும் அறிவிக்காமலே பயன்படுத்திக்கொண்டிருந்தேன். ஒன்பது கணினிகளில் எது முதலில் உடைந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சார்புகளின் பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இந்தப் பதிப்பு மட்டும்’ என்று சமக் குறி போட்டுப் பூட்டுவது பைத்தான் உலகில் நல்ல பழக்கமாகச் சொல்லப்படுகிறது. வலைச் சேவையகத்தில் அது சரி. டெபியன் போன்ற ஒரு வழங்கலில் ஒரு நிரலகத்துக்குப் பெரும்பாலும் ஒரே பதிப்புதான் இருக்கும். எல்லா நிரல்களும் அதையே பகிர வேண்டும். டெபியன் 11இல் கிளிக் 7 வரிசை, 12இல் 8 வரிசை. இரண்டிலும் ஓடும்படி எழுத எனக்கு ஆனது அரை மணி நேரம். இங்கேதான் பலர் சலித்துக்கொண்டு மூட்டை கட்டப் போகிறார்கள். இரண்டு பதிப்பிலும் ஓட முடியாத அளவுக்குக் கருவி எதையோ நெருக்கிப் பிடித்திருந்தால், மூன்றாவது பதிப்பு வரும்போதும் அது உடையத்தான் போகிறது.

இப்போது புயல் கதைக்கு வருவோம். டெபியன் பொதியாக நிறுவிய பைத்தான் நிரல், பதிப்பு மாறும்போது ஏன் உடைவதில்லை? முழுக்கப் பைத்தானில் எழுதிய மாட்யூல்களை டெபியன் வைக்கும் டிஸ்ட்-பேக்கேஜஸ் கோப்புறையின் பாதையில் ‘பைத்தான்3’ என்று மட்டும்தான் இருக்கிறது, 3.9, 3.11 என்ற எண் கிடையாது. பைத்தான் மாறும்போது, அது ஓட்டும் இடைநிலை வடிவமான பைட்கோடு மட்டும் புதிய பைத்தானுக்காக மறுபடி தொகுக்கப்படுகிறது. எல்எக்ஸ்எம்எல் போன்ற சி கலந்த நிரலகங்களை, வெளியீட்டுக்கு முன்பே டெபியனின் ஆட்கள் புதிய பதிப்புக்காக மறுபடி கட்டிவைத்துவிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தபோது பைத்தான் 3.13க்குத் தாவியது. அச்சகத்தில் ஏற்றம் செய்தேன், கருவியைத் தொடவில்லை, மறுநாள் தொலைபேசி வரவில்லை.

பைத்தானோடு நிறுத்தாமல் மற்ற மொழிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பெர்ல்தான் இந்த வேலைக்கு மிகச் சுகமானது. டிஎச்-மேக்-பெர்ல் என்ற கருவி, பெர்லின் பொதுக் கிடங்கான சீபேனில் உள்ள தொகுப்பை எடுத்து ஏறத்தாழ முடிந்த பொதியாகவே தருகிறது. டெபியனின் பெர்ல் குழு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகளைக் கூட்டாகப் பராமரிக்க முடிவதற்கு, அந்த மொழி பழைய நிரலை உடைக்கத் தயங்குவதும் ஒரு காரணம். ரூபிக்கு ஜெம்2டெப் இருக்கிறது. அங்கே பதிப்பைப் பூட்டும் பழக்கம்தான் தலைவலி. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடு வேறு உலகம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி மாட்யூலை அதன் ஆசிரியர் நீக்கியபோது பெரிய பெரிய திட்டங்கள் நின்றுபோயின. கைக்குட்டை அளவு மாட்யூல்கள் ஆயிரம் சேர்ந்து ஒரு நிரல் என்றால், அதை வழங்கல் பொதியாக்குவது எறும்புப் புற்றை எண்ணும் வேலை. உங்கள் கருவி நோடில் இருந்தால், மேலே நான் மூட்டைகளைப் பற்றிச் சொன்னதைக் கொஞ்சம் கருணையோடு படியுங்கள்.

டெபியனின் கதவைத் தட்டலாமா?

பொதி கட்டியாயிற்று. அதை டெபியனுக்கே கொடுத்துவிடுவதா, பொதிகளைப் பரிமாறும் களஞ்சியம் ஒன்றை நாமே வைத்துக்கொள்வதா என்பது அடுத்த கேள்வி. இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன்.

டெபியனுக்குள் போனால் கிடைப்பது மிகப் பெரிது. உபுண்டுவுக்குத் தானாகப் போகும். அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் டெபியனின் மேல்தான் நிற்கிறது. எங்கோ ஒரு கல்லூரி நூலகத்தில் யாரோ ஒருவர் ஆப்ட் தேடலில் ‘திஸ்கி’ என்று தேடினால் கிடைக்கும். வழி ஒன்றும் ரகசியமில்லை: பொதி கட்டப்போகிறேன் என்று ஒரு வழுவறிக்கை பதிய வேண்டும், டெபியன் உறுப்பினர் ஒருவர் நமக்காகப் பதிவேற்ற வேண்டும், பிறகு புதிய பொதிகளுக்கான வரிசையில் உரிமத்தை வரிவரியாகப் பார்ப்பார்கள். டெபியன் மாநாடு 2023இல் கொச்சியில் நடந்தது. இந்தியாவிலேயே உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். கேட்டால் உதவுகிறார்கள்.

உரிமத்தில்தான் நான் மாட்டினேன். குறியேற்ற அட்டவணைகளில் இரண்டை ஒரு பழைய மாற்றி நிரலிலிருந்து எடுத்திருந்தேன். அதன் தலைப்பில், வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு இலவசம் என்று எழுதியிருந்தது. இலவசம் என்ற சொல்லைப் பார்த்த கண், அதற்கு முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. 1997இல் வகுத்த டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகள், எந்தத் துறைப் பயன்பாட்டையும் விலக்கக் கூடாது என்கின்றன. அச்சகம் என்பதே வணிகம். அதாவது டெபியன் மறுக்கும் முன்பே, என் சொந்தப் பயன்பாடே உரிமத்தை மீறிக்கொண்டிருந்தது. எழுத்துருவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு அட்டவணைகளையும் நானே மறுபடி எழுதினேன். மற்ற எந்த வழியிலும் இதை யாரும் என்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. நிலையான டெபியனில் நுழைந்த பதிப்பு அப்படியே உறைந்துவிடும். பாதுகாப்புக்கும் கடும் பிழைகளுக்கும் மட்டுமே திருத்தம். புதிய வெளியீடு ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அந்த உறைதலுக்கு மதிப்பு உண்டு. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலகத்தில் ஒளித்து வைத்த பின்கதவு நிலையான வெளியீட்டை எட்டும் முன்பே பிடிபட்டதற்கு, இடையில் இருந்த அந்தக் காலமும் உதவியது. ஆனால் என் கருவியின் இயல்பு வேறு. போன மாதம் ஒருவர் கொண்டுவந்த கோப்பில், நான் அதுவரை பார்த்திராத எழுத்துரு ஒன்று. புதிய அட்டவணை மறுநாள் காலை பக்கம் கட்டும் மேசைக்குப் போயாக வேண்டும். புதிய பதிப்பை நிலையான டெபியனுக்குத் தனியாகத் தரும் பேக்போர்ட்ஸ் வழி இருக்கிறது, அதற்கும் நாட்கள் ஆகும்.

ஆகவே கருவியை இரண்டாக வெட்டினேன். கொம்பு, கால்களை இடம் மாற்றும் அடிப்படை நிரலகம் ஒன்று. அதில் இனி மாற அதிகம் இல்லை. அதை டெபியனுக்கு அனுப்பும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். அட்டவணைகளும் கட்டளை வரியும் கொண்ட பொதி இன்னொன்று. அது அச்சகத்தின் சொந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது. ரெப்ரெப்ரோ என்ற கருவியில் களஞ்சியம் அமைப்பது ஒரு மாலை வேலை. அச்சகத்தின் ஒரு கணினியே பரிமாறுகிறது.

சொந்தக் களஞ்சியம் வைப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. தானியங்கிப் புதுப்பித்தல் டெபியனின் களஞ்சியங்களை மட்டுமே இயல்பாக நம்பும். நம்முடையதைத் தனியாகச் சேர்க்காவிட்டால் செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்காது. களஞ்சியம் நம்முடையதுதான் என்று உறுதிசெய்யும் கையொப்பச் சாவிக்குக் காலாவதித் தேதி வைத்தால் அதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பொதிகள் ரூட் உரிமையோடு நிறுவப்படுகின்றன. எனவே அந்தச் சாவி என் மடிக்கணினியிலிருந்து திருடு போனால், எடுத்தவர் ஒன்பது கணினிகளுக்கும் முதலாளி. சாவியை இப்போது தனி நினைவகக் குச்சியில் வைத்து வீட்டு அலமாரியில் பூட்டியிருக்கிறேன். அம்மா நகை வைக்கும் அறைக்குப் பக்கத்து அறை.

ஒன்பதாவது கணினியைப் பற்றிச் சொல்லவில்லை. முதலாளியின் மேசையில் இருக்கும் பழைய 32 பிட் இயந்திரம். அச்சகத்தில் டெபியன் 11இலேயே நின்றது அதுதான். டெபியன் 13இல் அந்த வகைக் கணினிக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. மாற்றலாம் ஐயா என்றால், நன்றாகத்தானே ஓடுகிறது என்கிறார். 64 பிட்டில் கட்டிய என் பழைய மூட்டை அதில் எந்தக் காலத்திலும் ஓடியிருக்காது. நான் வேறொரு 64 பிட் கணினியில் சோதித்ததால் அது தெரியாமலே இருந்திருக்கிறது. டெப் கோப்பின் கட்டுப்பாட்டுக் கோப்பிலோ ‘எல்லாக் கட்டமைப்புக்கும்’ என்று ஒரு வரி. போன சனிக்கிழமை அந்த இயந்திரத்தை 12க்கு ஏற்றி, களஞ்சியத்தைச் சேர்த்து, ஆப்ட் கட்டளை கொடுத்தேன். கிளிக், ஓடிஎஃப்பை, எல்எக்ஸ்எம்எல்லின் 32 பிட் பொதி எல்லாம் டெபியனிலிருந்து வந்தன; என்னுடையது பக்கத்து அறைக் கணினியிலிருந்து வந்தது. முதலாளி தன் தந்தையின் கட்டுரைகள் இருக்கும் குறுந்தகட்டை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். தேநீரும் வந்தது.